பியானோவோடு சேர்த்து என்னையும்

ரொறொன்ரோவில் ஒரு பியானோவை வீட்டுக்குள் கொண்டுவருவது சுலபம். வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடு. எங்கள் மகள் எட்டு வயதில் அழுது அடம்பிடித்து வாங்குவித்த பியானோ, பதினேழு வயதில் அவள் கடைசிப் பரீட்சையில் தேறிய அன்று மூடப்பட்டது. மூடியவள் திரும்பிப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகம், வேலை, சொந்தமாக ஒரு கொண்டோ என்று போய்விட்டாள். பியானோ போகவில்லை. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற்றை விட்டு ரவுன்ஹவுஸ் என்னும் தொடர்வீட்டுக்கு நாங்கள் மாறியபோது அதுவும் எங்களோடு வந்தது. அதன் மேல் என் கணவர் குளிர்காலக் கையுறைகளையும் திறக்காத கடிதங்களையும் அடுக்கி வைத்தார்.

ஒருநாள் பொறுமை போய் இணையத்தில் விளம்பரம் போட்டேன். பியானோ, நல்ல நிலையில், இலவசம், வந்து தூக்கிக்கொண்டு போகவேண்டும். மூன்று கிழமையாக ஒருவரும் வரவில்லை. ஓர் ஆள் மட்டும் தொலைபேசியில் அழைத்து, உள்ளே இருக்கும் கம்பிகளைக் கழற்றி வீசிவிட்டுச் சாராயப் போத்தல்கள் அடுக்கும் அலுமாரியாக மாற்றலாமா என்று கேட்டான். நான் மாட்டேன் என்றேன். அதற்காக என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

நாலாவது கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எழுபதைத் தாண்டிய நெடிய வெள்ளைக்காரர், முப்பது வருடம் சப்வே ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர் நோவா ஸ்கோசியாவில் பிறந்த கறுப்பர், அவரைவிடச் சற்று இளையவர், தூக்கிப் பார்ப்பதற்காகக் கூட்டிவரப்பட்டவர். நெடியவர் டோர்ச் அடித்து பியானோவின் வயிற்றுக்குள் பார்த்தார். அளவு நாடாவால் அகலம் அளந்தார். பிறகு, "யாராவது வாசித்தால் நான் மாடிப்படியில் நின்று கேட்கலாம். பக்கத்தில் நின்றால் எல்லாப் பியானோவும் நல்ல பியானோதான்" என்றார்.

என் கணவர் முந்திக்கொண்டார். பியானோ போகிறது என்றால் அவர் எதற்கும் தயார். "இவ வாசிப்பா" என்று என்னைக் காட்டினார்.

யாழ்ப்பாணத்தில் கொன்வென்ற்றில் ஐந்தாம் கிரேட் வரை நான் பியானோ படித்தது உண்மை. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் ஒழுங்காகத் தொடவில்லை என்பதும் உண்மை. ஆனால் மகள் தன் கடைசிப் பரீட்சைக்கு, ராக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ இசையில் ஒரு துண்டு எடுத்திருந்தாள். ஒன்பது மாதம் அவள் அதை வாசித்துப் பிழைவிட்டதை, சமையலறையில் நின்று நான் கேட்டிருக்கிறேன். அவள் வீட்டில் இல்லாத நேரங்களில் இருந்து பார்த்து, பிழை விடாமல் வாசிக்கவும் பழகியிருந்தேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்கக் குளிசைகளை ஐந்து ஐந்தாக எண்ணிப் போடுகிறவளுக்கு, விரல்களுக்கு வேறு ஒரு வேலை இருந்தது நல்லது என்று மட்டும் நினைத்தேன்.

வாசித்தேன். முதல் நாலு வரி முடிவதற்குள் மாடிப்படியில் இருந்து ஒரு குரல் வந்தது.

"மெதுவாக."

அவர் என்னோடு நேராகப் பேசிய முதற்சொல்லே அதுதான். அடுத்த ஆறு வருடங்களில் அவர் என்னிடம் அதிகம் சொன்ன சொல்லும் அதுவே.

முழுவதும் கேட்டுவிட்டுக் கீழே வந்தார். தான் ஒரு ராக்டைம், ஆரம்பகால ஜாஸ் பாண்ட் வைத்திருப்பதாகவும், தான் கோர்னெற் என்னும் பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பதாகவும், கூட வந்தவர் டிரம்ஸ்காரர் என்றும் சொன்னார். தங்கள் பியானோக்காரர் மகனோடு இருக்க நாட்டின் மேற்குக் கரைக்குப் போய்விட்டார், போகும்போது தன் பியானோவையும் கொண்டுபோய்விட்டார் என்றார். "பியானோவை எடுக்கிறோம். சனிக்கிழமை காலை நீங்களும் வரமுடியுமா?"

சீதனம் ஒன்றும் கேட்காமல் பெண் பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

பியானோ டான்ஃபோர்த் பக்கம் இருந்த அவருடைய வீட்டின் பேஸ்மென்ற்றுக்குப் போனது. கீழே இறக்க ஆறு பேர் தேவைப்பட்டது. இனி இதை மேலே ஏற்ற முடியாது, வீட்டை விற்றால் பியானோவோடுதான் விற்கவேண்டும் என்று டிரம்ஸ்காரர் சொன்னார். ஆக, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பஸ் எடுத்து, சப்வே எடுத்து, இலவசமாகக் கொடுத்த என் பியானோவை வாசிக்கப் போகத் தொடங்கினேன்.

"இஞ்சேரும்," என்றார் என் கணவர், "வீட்டில கிடக்கேக்க தொட்டும் பாக்கேல்லை. இப்ப அதைப் பாக்கக் கிழமைக்கு ஒருக்கா ரெண்டு பஸ் ஏறிப் போறீர். நான் கேக்கிறன் எண்டு கோவிக்காதையும், உமக்கு விசரே?"

"பஸ் ஒண்டு. மற்றது சப்வே" என்றேன்.

பாண்டில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். கோர்னெற்காரர் தலைவர். டிரம்ஸ்காரர் அவருடைய நாற்பது வருட நண்பர். கிளாரினெற் வாசித்தவர் ஓய்வு பெற்ற பல் வைத்தியர். குள்ளமான, வெட்கம் மிகுந்த மனிதர், யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டார். ரியூபா வாசித்தவர் கணித ஆசிரியர். அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்துக்குள் புகுந்துவிட்டால் அவர் வாய் திறந்து பேசி நான் கண்டதில்லை. வாய் வேறு வேலையில் இருந்தது.

தலைவரிடம் சட்டங்கள் இருந்தன. ராக் என்கிற ராக்டைம் துண்டு வேகமாக வாசிக்கப்படக் கூடாது. எழுதிய சுரத்தை மாற்றக் கூடாது. மீட்டு வாசி, அதாவது திரும்பவும் வாசி என்று அச்சடித்திருந்தால் மீட்டு வாசிக்கவேண்டும்; கேட்பவர் நித்திரை கொண்டாலும் சரி. மைக் கூடாது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு வந்த எதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தவற்றை அவர் இசை என்றே சொல்லவில்லை. "பிறகு வந்தது" என்பார், நோய் ஒன்றைச் சொல்வது போல.

எனக்கு அந்த இசை பிடித்த காரணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ராக்கில் இடது கை கனேடிய நேரம். ஒவ்வொரு அடியும் சொன்ன இடத்தில், சொன்ன நொடியில் விழும். வலது கை தமிழ் நேரம். வரவேண்டிய இடத்துக்கு வராது. கொஞ்சம் முந்தியோ பிந்தியோ சிரித்துக்கொண்டு வந்து நிற்கும். இரண்டும் ஒரே ஆளின் கைகள், ஒரே பாட்டு, சண்டை இல்லை. முப்பது வருடமாக இந்த ஊரில் நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். கொன்வென்ற்றில் சிஸ்ரர் இரண்டு கையும் ஒன்றாக விழவேண்டும் என்றுதான் அடிமட்டத்தால் விரல் மொழியில் தட்டினார். விழக் கூடாது என்று சொல்லித்தர ஒரு சப்வே ஓட்டுநர் வேண்டியிருந்தது.

முதற் கச்சேரிக்கு முன்னால் உடைப் பிரச்சினை வந்தது. அவர்கள் எல்லோரும் கோடு போட்ட வெயிஸ்ற்கோட்டும் வைக்கோல் தொப்பியும் போடுவார்கள். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கா அப்படித்தான் இருந்தது என்பதில் தலைவருக்கு ஐயமே இல்லை.

"நீங்கள் உங்கள் பாரம்பரிய உடையில் வரலாம்" என்றார் பெருந்தன்மையோடு. "அந்த நீளத் துணி. மிக அழகாக இருக்கும்."

"சேலையா? ராக்டைமுக்கா? அந்தக் காலத்தில் அங்கே சேலை உடுத்தவர் யாரும் பியானோ வாசித்தார்களா?"

அவர் யோசித்தார். சட்டங்கள் வைத்திருக்கும் மனிதர்களிடம் உள்ள ஒரே வசதி, அவர்களுடைய சட்டத்தாலேயே அவர்களை மடக்கலாம். எனக்கும் ஒரு வைக்கோல் தொப்பி வந்தது. டிரம்ஸ்காரர் தன் தொப்பியைச் சரிசெய்தபடி மெல்லச் சொன்னார்: "இந்தத் தொப்பியோடு என் ஆட்கள் யாரும் அப்போது படம் எடுத்ததாக நானும் காணவில்லை. ஆனால் நான் அவருக்குச் சொல்வதில்லை. பாவம்."

நாங்கள் வாசித்த இடம் கிழக்குப் பக்கத்தில், தனக்கென்று ஒரு பியானோ வைத்திருந்த பழைய பப். ஞாயிறு மதியம், இரண்டு மணிக்கு. பப் என்றதும் என் கணவர் கூடவே வந்தார். என்னைக் காவல் காக்கவா, எங்கள் ஆட்கள் யாராவது என்னைக் காண்கிறார்களா என்று பார்க்கவா என்பது தெரியவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் அங்கே இல்லை. உண்மையைச் சொன்னால் யாருமே அங்கே அதிகம் இல்லை. இருபது பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் பாண்டில் உள்ளவர்களின் மனைவிமாரும் முன்னாள் மனைவிமாரும். என் கணவர் மூலையில் ஜிஞ்சர் ஏலோடு இருந்து, தொடையில் விரல் மடக்கி ஆதி தாளம் எண்ணினார். முடிந்ததும் தன் முடிவை அறிவித்தார்: "தாளம் பிழைக்கேல்லை. ஆனா ராகம் ஒண்டும் விளங்கேல்லை."

இடைவேளையில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "எங்கள் இசையை இவ்வளவு நன்றாக எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் சிம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இசையை உண்டாக்கியவர்கள் யாருடைய ஆட்கள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த 'எங்கள்' என்ற சொல் எங்கள் மூவருக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றது. நான் ஸ்காபரோவில் என்றேன். நல்ல பதில் பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. இப்போது அதுவும் மறந்துவிட்டது.

இப்படி ஐந்து வருடம். பிறகு பப்பின் முகாமையாளர் மாறினார். புதியவர் சுவரெல்லாம் பெரிய ரீவிகள் பூட்டினார். எங்களுடைய ஞாயிறு மாதத்துக்கு இரண்டாகி, ஒன்றாகி, "விளையாட்டு சீசன் முடியட்டும்" என்றானது. ஒரு விளையாட்டு முடிந்தால் அடுத்தது தொடங்கியது. தலைவர் சனிக்கிழமை ஒத்திகையை விடவில்லை. கச்சேரி ஒன்றும் இல்லாத பாண்ட், முன்னெப்போதையும்விட ஒழுங்காக ஒத்திகை பார்த்தது.

அந்த நேரத்தில்தான் ஸ்ரௌவ்வில்லில் இருந்து என் கணவரின் தங்கை அழைத்தாள்.

"மச்சாள், உங்கட பாண்ட் இன்னும் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"மகளின்ர றிசெப்ஷனுக்குத் தீம் வைக்கினமாம். நூறு வருசத்துக்கு முந்தின அமெரிக்கா. முத்துமாலை, இறகு, உந்தச் சாமானெல்லாம். டீஜே இருக்கிறார்தான். எண்டாலும் உண்மையான ஜாஸ் பாண்ட் ஒண்டு மேடையில நிண்டால் கிளாஸா இருக்கும் எண்டு பிள்ளை சொல்லுறாள். வெள்ளைக்காரர் எத்தினை பேர் இருக்கினம்?"

"மூண்டு பேர்."

"காணும்" என்றாள் மச்சாள்.

இவ்வளவும் சுகமாகப் போயிற்று. கடைசியில் ஒரு வேண்டுகோள் வைத்தாள். பொம்பிளையும் மாப்பிளையும் மண்டபத்துக்குள் வரும்போது ஒரு தமிழ்ப் படப்பாட்டு வாசிக்கவேண்டும். மச்சாளும் அவளுடைய கணவனும் காதலித்த காலத்துப் பாட்டு. எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் உடனே மறுத்தேன். யோசிக்கவே இல்லை. "அது ராக்டைம் இல்லை" என்றேன்.

"நீங்கள் வாசிச்சால் ராக்டைம்தானே?"

"அப்பிடியில்லை. இது கிளாசிக். எழுதினதைத்தான் வாசிக்கலாம். தலைவர் சம்மதிக்கமாட்டார்."

சனிக்கிழமை பேஸ்மென்ற்றில் இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். படப்பாட்டு வேண்டுமாம், பாருங்கள் என்று சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கோர்னெற்றைக் கீழே வைத்தார்.

"எத்தனை பேர் வருவார்கள்?"

"நானூற்றைம்பது."

மூச்சுவிடும் சத்தம் ரியூபாவில் இருந்து வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பாட்டின் சுரம் உங்களிடம் இருக்கிறதா?"

ஐந்து வருடமாக எனக்கு 'மெதுவாக', 'மாற்றாதே', 'மீட்டு வாசி' என்று சொல்லித்தந்த மனிதர் இவர். நான் கொதித்துப் போனேன். உங்கள் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்டேன். ஒரு படப்பாட்டை எடுத்து ராக் தாளத்தில் போடுவது இரண்டுக்கும் அவமரியாதை என்றேன். நான் இங்கே வந்தது இந்த இசைக்காக, கலியாண பாண்டில் சேருவதற்காக இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பல் வைத்தியர் நிலத்தைப் பார்த்தார்.

டிரம்ஸ்காரர்தான் பேசினார். அவர் அதிகம் பேசாதவர் என்பதால் எல்லோரும் திரும்பினோம்.

"இந்த இசையைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கலியாணத்துக்கு வாசித்தார்கள். சாராயக் கடையில் வாசித்தார்கள். கேட்டதை வாசித்தார்கள். ஊருக்குத் தெரிந்த பாட்டை எடுத்து, தாளத்தைக் கிழித்து, ராக் ஆக்கினார்கள். ராக் என்றால் கந்தல்; அதற்குத்தான் அந்தப் பெயர். நீங்கள் இப்போது எதை மாட்டேன் என்கிறீர்களோ, அதுதான் அவர்களுடைய வேலை."

பிறகு தலைவரைப் பார்த்து, "உங்களுக்கும் இதை நாற்பது வருடமாகச் சொல்ல நினைத்தேன்" என்றார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

"அப்ப, உம்மட பாட்டை உம்மட ஆக்களுக்கு வாசிக்கச் சொல்லி வெள்ளைக்காரன் கேக்கிறான். நீர் மாட்டன் எண்டுறீர்."

"ஓம்."

"வெளியில சொல்லிப்போடாதையும்" என்றார், சத்தத்தைக் கூட்டியபடி.

நாலு சனிக்கிழமை எடுத்தது. சுரம் எழுதியது நான்தான். வேறு யாருக்குத் தெரியும்? இடது கையை ராக்கில் வைத்தேன். மெட்டை வலது கையில் உடைத்து உடைத்துப் போட்டேன். முதலில் கோபத்தோடு எழுதினேன். ஒரு கட்டத்தில் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாட்டில் ஓர் இடத்தில் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிப் போகும். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல் வைத்தியருக்குப் பாடிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு கிளாரினெற்றில் அப்படியே வழுக்கினார். அந்த வழுக்கல் பழைய ஜாஸ் கிளாரினெற்றுக்கு ஏற்கனவே தெரிந்ததாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே காட்டவில்லை. எதிர்த்தவள் அவ்வளவு கெதியாகச் சிலிர்க்கக் கூடாது.

வரவேற்பு மண்டபம் எங்கள் எல்லா மண்டபங்களையும் போலத்தான். தங்கநிறச் சிம்மாசனம் இரண்டு, பூச்சுவர் ஒன்று, புகை கக்கும் இயந்திரம் ஒன்று. காஞ்சிபுரம் கட்டிய அன்ரிமார் நெற்றியைச் சுற்றிக் கறுப்புப் பட்டி கட்டி, அதில் ஒரு இறகு குத்தியிருந்தார்கள். என் வைக்கோல் தொப்பியைப் பார்த்த ஒருவர், "தொப்பி வடிவாயிருக்கு. ஆனா சாறியோட வந்திருக்கலாம்" என்றார். தலைவர் சொன்னதும் அதையேதான். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, நூறு ஆண்டுகளுக்கு முந்திய இன்னிசையை உங்கள் செவிகளுக்கு விருந்தாக்க ஜாஸ் வித்துவான்கள் வந்திருக்கிறார்கள் என்று முழங்கினார்.

முதலில் நாங்கள் எங்கள் ராக்குகளை வாசித்தோம்; பேஸ்மென்ற்றை விட்டு வராத பியானோவுக்குப் பதிலாக எனக்கு ஒரு கீபோர்ட். மெதுவாக, எழுதியபடி, மீட்டல்களோடு. நானூற்றைம்பது பேரும் மட்டன் றோல்ஸ் சாப்பிட்டார்கள். சாப்பிடும் சத்தத்துக்கு மேல் எங்களைக் கேட்பது கஷ்டமாக இருந்திருக்கும். மைக் கூடாது என்ற சட்டத்தைத் தலைவர் இன்னும் கைவிட்டிருக்கவில்லை. மூன்றாவது ராக்கின் நடுவில் மச்சாள் மேடைக்கு வந்து என் காதுக்குள் சொன்னாள்: "மச்சாள், உது செத்தவீட்டுக்கு வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் கெதியா அடியுங்கோவன்."

நான் கெதியாக அடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதைத் தலைவருக்கு மொழிபெயர்க்கவும் இல்லை.

பிறகு கதவு திறந்தது. புகை வந்தது. பொம்பிளையும் மாப்பிளையும் வாசலில் நின்றார்கள். டீஜே ஓடிவந்து எங்களுக்கு முன்னால் இரண்டு மைக் வைத்தார். தலைவர் பார்க்காதது போல இருந்தார். நாங்கள் தொடங்கினோம். முதல் வரியில் ஒன்றும் நடக்கவில்லை. வலது கை பிந்திப் பிந்தி வந்ததால் யாருக்கும் பாட்டுப் பிடிபடவில்லை. இரண்டாவது வரியில் எங்கோ ஒரு மேசையில் ஒருவர் "ஐயோ!" என்றார். மூன்றாவது வரியில் மண்டபமே பாடியது. இறகு வைத்த அன்ரிமார் எழும்பினார்கள். மச்சாளின் கணவன், பல வருடமாகச் சிரித்தே நான் காணாத மனிதன், பொம்பிளை மாப்பிளையை முந்திக்கொண்டு ஆடியபடி உள்ளே வந்தான். கிளாரினெற் வழுக்கும் இடம் வந்தபோது எழுந்த கூச்சலில் என் இடது கையே எனக்குக் கேட்கவில்லை. கேட்காமலே வாசித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒன்றையும் தவறு என்று நினைத்துக்கொண்டு செய்ததில்லை.

மூன்று தடவை மீட்டு வாசித்தோம். அச்சில் மீட்டல் குறி இல்லை. தலைவரே கையைச் சுழற்றி இன்னொருதரம் என்று காட்டினார்.

அன்றைய பெரிய சம்பவம் அதற்குப் பிறகுதான் நடந்தது. நாங்கள் மேடையை விட்டு இறங்கியபோது ஓர் அங்கிள் பாதி வழியில் நின்று பல் வைத்தியரை உற்றுப் பார்த்தார். "டொக்டர்?" என்றார். பிறகு வாயை அகலத் திறந்து, உள்ளே ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார்.

பல் வைத்தியர் குனிந்து பார்த்தார். "கீழ் வலது கடைவாய். நான் போட்ட மூடி. இன்னும் இருக்கிறது!"

அவர் ஸ்காபரோவில் முப்பது வருடம் பல் வைத்தியம் பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். அதன் கருத்து என்ன என்பது எனக்கு அதுவரை விளங்கவில்லை. மண்டபத்தில் பாதிப் பேரின் வாய் அவருக்குத் தெரிந்திருந்தது. "என்ர பல்லைப் பிடுங்கினவர்" என்று ஒருவர் மனைவிக்கு அறிமுகம் செய்தார். "நோகாமல் ஊசி போடுற மனுசன் இவர்தான்" என்றார் இன்னொருவர். சிம்மாசனத்துக்கு முன்னால் படம் எடுக்க நின்ற வரிசையைவிட அவருக்கு முன்னால் நின்ற வரிசை நீளம். அவருக்கு ஒருவருடைய பெயரும் ஞாபகம் இல்லை. முகமும் இல்லை. பற்களை ஒன்றுவிடாமல் நினைவு வைத்திருந்தார்.

காரில் ஏறும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "முப்பது வருடம் இவர்களோடு பேச ஆசைப்பட்டேன்" என்றார். "எப்போதும் என் கை அவர்கள் வாய்க்குள் இருந்தது. இன்றுதான் அவர்கள் பதில் சொன்னார்கள்." முப்பது வருடம் கிளாரினெற் வாசித்தவர் அவர். அதைப் பற்றி அன்று யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்குக் குறையாகத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை மூன்று அழைப்புகள் வந்தன. அதற்கடுத்த மாதம் ஏழு. "அந்தப் பல் டொக்டற்ர பாண்ட் இதுதானே?" என்றுதான் கேட்டார்கள். நாற்பது வருடம் தலைவராக இருந்தவரின் பாண்ட் ஒரே மாலையில் பல் டொக்டரின் பாண்ட் ஆனது. தலைவர் மூன்று நாள் மனம் நொந்து, பிறகு 'வணக்கம்' சொல்லப் பழகினார். பப் எங்களைப் பிறகு கூப்பிடவே இல்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் உண்டாக்கி, வெள்ளைக்காரக் கிழவர்கள் பத்திரமாக வைத்திருந்த இசையை, ஸ்காபரோவின் அறுபதாம் கலியாணங்களும் சாமத்தியச் சடங்குகளும்தான் இப்போது வாழவைக்கின்றன. டிரம்ஸ்காரர் இதை நினைத்து அடிக்கடி தனியே சிரிப்பார்.

ஆனால் தலைவருக்கு ருசி பிடித்துவிட்டது. சனிக்கிழமைகளில் இப்போது, "அடுத்தது எந்தப் படப்பாட்டு?" என்பதுதான் முதற் கேள்வி. கொஞ்சம் வேகமாக வாசிக்கலாமே என்றுகூட ஒருநாள் சொன்னார். நான் அவரைப் பார்த்த பார்வையில் கோர்னெற்றைத் துடைக்கத் தொடங்கினார். ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன். எந்த விழாவானாலும் ஒரு கிளாசிக் ராக் முழுதாக வாசிக்கவேண்டும். மெதுவாக, ஒரு சுரமும் மாற்றாமல், எல்லா மீட்டல்களோடும். கேட்க ஆள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பாண்டில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார்கள். பியானோ இல்லாமல் ராக்டைம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

போன கோடையில் பிறம்ரனில் ஒரு பிறந்தநாள். லொறிக் கம்பெனி வைத்திருப்பவருக்கு அறுபது வயது. அவருடைய வீட்டின் பின்வளவில் பெரிய கூடாரம். என் கீபோர்ட் புல்லில் கொஞ்சம் சரிந்து நின்றது. எனக்குப் பிடித்த ராக்கை எடுத்தோம். நாலு பகுதி, சோகமா சந்தோஷமா என்று சொல்லமுடியாத மெட்டு. காற்று நன்றாக இருந்தது. ஐவரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தோம். அவ்வளவு சரியாக அதை நாங்கள் முன்னர் வாசித்ததில்லை. கடைசிச் சுரம் முடிந்ததும் நான் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

முன்மேசையில் இருந்த ஓர் அன்ரி, ஐஸ்கிறீம் கோப்பையோடு எழும்பி மெல்ல என்னிடம் வந்தார். கனிவான முகம்.

"பிள்ளை," என்றார், "எல்லாம் செற் பண்ணி முடிஞ்சுதோ? எப்ப வாசிக்கத் தொடங்கப்போறியள்?"

தலைவர் ஆவலோடு என் பக்கம் சரிந்தார். "என்ன சொல்கிறார்?"

"இதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. டிரம்ஸ்காரருக்கு இந்த ஒரு வருடத்தில் தமிழ் கொஞ்சம் விளங்கத் தொடங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். குச்சிகளை எடுத்தார். தலைவர் தாள்களைப் புரட்டி, இருப்பதிலேயே நீளமான ராக்கை எடுத்து வைத்தார்.